வாய்தா நாள் அப்பா

என் ஒன்பதாவது வயதில் நான் கடவுளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் வீட்டு வழக்கு முடியவே கூடாது. மற்ற எல்லோரும் அது சீக்கிரம் முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் அண்ணனான என் மாமா அதற்காகவே சுருளி அருவிக்குப் போய்க் குளித்து, நேர்ந்துகொண்டு வந்தார். ஒரே வழக்கில் இரண்டு எதிரெதிர் வேண்டுதல்கள் போய்ச் சேர்ந்ததால், சாமியும் நீதிபதியைப் போலத் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்திருக்க வேண்டும்.

அப்பா, கேரள எல்லைக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். அம்மா காமயகவுண்டன்பட்டியில் பால்வாடி ஆசிரியை. மலையை விட்டு இறங்க மாட்டேன் என்றார் அவர். மலை ஏற மாட்டேன் என்றாள் இவள். இதற்குள் வேறு காரணங்களும் இருந்திருக்கும். அவற்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் புரிந்துகொள்ளும் வயதில் நானும் இல்லை. அம்மா என்னை அழைத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் கழித்து, உத்தமபாளையம் நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போடப்பட்டது.

அந்த வழக்கில் ஓர் இடைக்கால உத்தரவு உண்டு. வழக்கு முடியும்வரை, ஒவ்வொரு வாய்தா நாளிலும் நீதிமன்ற வளாகத்துக்குள் தகப்பனார் குழந்தையைப் பார்க்கலாம். மாமா அதை வீட்டில் உரக்கப் படித்தபோது, "வழக்கு முடியும்வரை" என்ற இரண்டு சொற்கள் மட்டும் என் நெஞ்சில் தங்கிவிட்டன. அப்படியானால் வழக்கு முடிந்ததும் அப்பாவும் முடிந்துபோவார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஆகவே மற்றப் பிள்ளைகள் தீபாவளியை எண்ணியதுபோல நான் வாய்தாக்களை எண்ணினேன். அந்த நாளில் பள்ளிக்கூடம் கிடையாது. தலை பின்னி, பாவாடை கட்டி, அம்மாவுடனும் மாமாவுடனும் பஸ் ஏறுவேன். வேப்பமரத்தடியில் அப்பா முன்னதாகவே வந்து நிற்பார். அம்மா என் கையை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வாள். மாமாதான் பேசுவார்.

"வந்துட்டாருய்யா மலையாளத்து மகராசன்."

"வாங்க மச்சான். இந்தத் தடவ திராட்ச எப்படி, கொல தள்ளியிருக்கா?"

"எங்க தோட்டத்த நாங்க பாத்துக்கிருவோம். நீரு உம்ம கேச பாரும்."

அப்பா சிரித்துக்கொண்டே என்னைத் தூக்குவார். அவர் சட்டையில் ஏலக்காய் மணக்கும். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எங்களுக்கென்று ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். சட்டைப் பையிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்துக் கையில் கொடுத்து, உள்ளே எத்தனை விதை என்று கேட்பார். நான் ஒன்று சொல்வேன், அவர் ஒன்று சொல்வார். பிறகு உரித்து எண்ணுவோம். "தோத்துட்டேன் மோளே" என்று பாதி மலையாளத்தில் ஒப்புக்கொள்வார். தோட்டத்தில் காயோடு வாழ்ந்த மனிதர் எல்லாத் தடவையும் எப்படித் தோற்றார் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

இப்படி ஏழெட்டு வாய்தாக்கள் போயின. ஒரு நாள் நீதிபதி விடுப்பு. ஒரு நாள் வக்கீல்கள் புறக்கணிப்பு. இன்னொரு நாள் அப்பாவின் வக்கீலுக்கு உறவில் ஒரு சாவு. டவாலி வாசலில் நின்று பெயர்களைக் கூப்பிடுவதும், யாரோ ஒருவர் இல்லையென்று சொல்லப்படுவதும், உடனே வேறு தேதி கொடுக்கப்படுவதும் எனக்குப் பாடம்போல மனப்பாடம். அதிலிருந்து நானாக ஒரு சட்டத்தைக் கண்டுபிடித்தேன்: ஆள் இல்லாவிட்டால் வாய்தா கிடைக்கும்.

ஆனி மாதத்தில் ஒரு வாய்தா வந்தது. அதற்கு முந்தைய தடவையே நீதிபதி, இதுதான் கடைசி, இரு தரப்பும் கட்டாயம் ஆஜராக வேண்டும் என்று சொல்லியிருந்தார். "இன்னிக்கோட தலவலி தீந்துரும் ஆத்தா" என்று பஸ்ஸில் மாமா அம்மாவிடம் சொன்னார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் மனுவில், மாமாவின் வற்புறுத்தலால் சேர்க்கப்பட்ட ஒரு பத்தி இருந்ததை நான் அறியேன். குழந்தையைப் பார்க்கத் தகப்பனுக்கு எந்த உரிமையும் தரக்கூடாது என்பது அது. அன்று பெயரைக் கூப்பிட்டபோது அப்பா வந்து நிற்காவிட்டால், அவர் தரப்பைக் கேட்காமலே அந்த மனு ஏற்கப்படலாம் என்பதையும் அறியேன். நான் அறிந்தது என் சொந்தச் சட்டம் ஒன்றைத்தான்.

அப்பாவின் வக்கீல் பக்கத்துக் கோர்ட்டில் வேறொரு வழக்கில் நின்றிருந்தார். வராந்தாவிலேயே இருக்கும்படி அப்பாவிடம் சொல்லியிருந்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, ஆத்துல தண்ணி தெறந்துட்டாகளாம். பாலத்துல நின்னு பாக்கணும்."

"கேசு கூப்பிட்டுருவாகளே."

"மதியத்துக்கு மேலதான் கூப்பிடுவாகளாம். உங்க வக்கீலு குமாஸ்தா சொன்னாக."

"நெசமாவா?"

தலையாட்டினேன். என் வாழ்க்கையில் யோசித்துச் சொன்ன முதல் பொய் அது. வளாகத்தை விட்டு என்னை வெளியே அழைத்துப் போகக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "போயிட்டு ஓடியாந்துருவோம்" என்றார்.

முல்லைப் பெரியாற்றில் செம்மண் கலந்த தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாலத்துச் சுவரில் என்னை உட்காரவைத்து, விழுந்துவிடாதபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அது அவர் தோட்டத்து மலையிலிருந்து வருகிற தண்ணீர்தானே என்று கேட்டேன். "ஆமா, நேத்து நான் மொகம் கழுவுன தண்ணி. இன்னிக்கு உங்கம்மா ஊரு வயலுக்குப் போகுது" என்றார். அந்த அரைமணி நேரம்போல ஒன்று எனக்குப் பிறகு வாய்த்ததில்லை.

அப்பாவின் வக்கீலுடைய குமாஸ்தா சைக்கிளில் வந்தார். தூரத்திலிருந்தே கத்தினார்.

"என்ன சார் நீங்க! அங்கன மூணு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டாச்சு. இங்கன நின்னு ஆத்த வேடிக்க பாக்குறீக!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். அவர் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஏலக்காய்கள் அவர் பையிலிருந்து வழியெல்லாம் சிந்தின.

வழக்கு பிற்பகலுக்கு எடுத்து வைக்கப்பட்டிருந்தது. மீண்டும் கூப்பிட்டபோது நான் வாசற்படியில் நின்றேன். எங்கே போனீர்கள் என்று நீதிபதி கேட்டார். என் பொய் இப்போது வெளியே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "என் தப்புதாங்கய்யா. நேரத்தப் பாக்கல" என்றார் அப்பா. அதற்குப் பிறகு நடந்த பேச்சு எனக்கு எட்டவில்லை. வெளியே வந்த மாமாவின் முகம் கறுத்திருந்தது. வழக்கு முடிந்துவிட்டது என்று மட்டும் யாரோ சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் மாமா பொரிந்து தள்ளினார்.

"அவரு இல்லேன்னதும் நம்ம வக்கீலு எந்திரிச்சுட்டாரு. அஞ்சே நிமிசத்துல நாம கேட்டது அம்புட்டும் கெடச்சிருக்கும். நீ எதுக்கு ஆத்தா குறுக்க விழுந்த? 'அவுக வந்திருக்காகங்கய்யா. காலையில எங்கிட்டருந்துதான் பிள்ளைய வாங்கிட்டுப் போனாக. இங்கனதான் இருப்பாக'ன்னு! யாராச்சும் தன் கேசுக்கே குழி தோண்டுவாகளா?"

"வந்த ஆள வரலன்னு எப்படிண்ணே சொல்றது" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. நான் அரும்பாடுபட்டுச் சேர்த்த வாய்தாவை ஒரு வார்த்தையில் கலைத்துப் போட்டவள் அம்மாதான். வழக்கை முடித்து அப்பாவைத் தொலைத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு. ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. ஏன் என்று அவள் கேட்டபோது, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, ஊர் பஸ் நிறுத்தத்தில் அப்பா இறங்கினார். அதற்கு அடுத்த மாதமும் வந்தார். முழு ஆண்டு விடுமுறையில் பாதி நாளை மலையில் கழித்தேன். வழக்கு உண்மையில் முடியவில்லை, நான் வாங்கிக் கொடுத்த வாய்தாதான் இப்படித் தொடர்கிறது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வெற்றியைப் பற்றி அப்பாவிடம் ஒருமுறை ரகசியமாகச் சொல்லவும் செய்தேன். அவர் ஓர் ஏலக்காயை எடுத்துக் கையில் கொடுத்து, "எத்தன விதை, சொல்லு" என்றார்.

வெகுகாலம் கழித்து, வேறொரு தேவைக்காக அந்தத் தீர்ப்பின் நகலை எடுத்துப் படிக்க நேர்ந்தது. மூன்று பக்கம். குழந்தை தாயிடம் வளர வேண்டும். மாதம் ஒரு நாளும் விடுமுறையில் பாதியும் தகப்பனுக்கு. தகப்பனுக்கு உரிமை தரக்கூடாது என்ற கோரிக்கையை மனுதாரர் வலியுறுத்தவில்லை என்று நடுவே ஒரு வரி இருந்தது. மனுதாரர் என்றால் அம்மா. அவள் எழுந்து நின்று கூறியதைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. அவளும் அதை ஒருநாளும் எடுத்துப் பேசியதில்லை.

நினைவிலிருப்பது அந்தச் சனிக்கிழமைக் காலைகள்தாம். அம்மா என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னுவாள். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் துள்ளுவேன். அவள் பின்னலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஆடாத புள்ள. உங்கப்பா வந்துருவாக" என்பாள். தலை வலிக்கிறது என்று நான் அழுவேன். 'வந்துருவாக' என்று இப்படி என்னிடம் சொல்ல முடிவதற்காகத்தான் அவள் ஒரு நாள் நீதிபதியின் முன் எழுந்து நின்றாள் என்பதை அறியாமல், அவள் கையை உதறிவிட்டு, ஒரு பக்கம் பின்னாத தலையோடு வாசலுக்கு ஓடுவேன்.