நாலு தட்டு

என் கைக்கடிகாரத்தில் என் கணவரின் பெயர் 'இன்னாங்க'. கல்யாணமான புதிதில் ஆளுக்கொரு ஃபிட்னஸ் வாட்ச் வாங்கி, இரண்டையும் ஒரே செயலியில் சேர்த்தபோது நண்பரின் பெயர் என்ன என்று கேட்டது. வாயால் சொல்லாத பெயரை விரலால் மட்டும் எழுதிவிடுவேனா? கூப்பிடுகிறபடியே எழுதினேன். அன்றிலிருந்து எந்த ஊரிலோ இருக்கிற அந்தக் கம்பெனி, 'இன்னாங்க நன்றாகத் தூங்கினார்', 'இன்னாங்க உங்களைவிட அதிகம் நடந்துவிட்டார்' என்று தினமும் என்னிடம் கோள் மூட்டிக்கொண்டிருந்தது. நான் தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

அதில் 'தட்டு' என்று ஒரு வசதி இருந்தது. நடக்காமல் சோம்பி உட்கார்ந்திருக்கும் நண்பரை எழுப்பி விடுவதற்காகச் செய்தது. நான் என் வாட்ச்சைத் தொட்டால் அவர் வாட்ச் 'டர்ர்' என்று அதிரும். எழுந்து நடப்பதற்காக நாங்கள் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை.

நான் வெள்ளிமலையில் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து மலைப் பஸ் ஏறி, சாயங்காலம் அதே வழியில் இறங்குவேன். அவர் எங்கள் வீட்டு முன்னறையிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இரண்டு தட்டு என்றால் பஸ் ஏறிவிட்டேன். மூன்று என்றால் மலை இறங்கிவிட்டேன், வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். நான்கு தட்டுக்கு என்ன அர்த்தம் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஃபோனில் ஒரு வரி அனுப்பினால் போதாதா என்பார்கள். அவர் ஃபோனுக்கு நாள் முழுக்க ஊராருடைய ஆதாரும் பட்டாவும் சாதிச் சான்றிதழும் வந்துகொண்டே இருக்கும். அந்தக் குவியலுக்குள் என் அன்பு எங்கே போய் மாட்டும்? கவனிக்காமல் அதையும் இரண்டு பிரதி எடுத்துவிடுவார். வாட்ச் அப்படியில்லை. அது எனக்கு மட்டுமே அதிரும். கறுப்பு மை படுகிறதென்று கடை நேரத்தில் அவர் அதைக் கையில் கட்டுவதில்லை, கடைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கும் அலமாரியில் முறுக்கு டின்மேல் வைத்திருப்பார். டின் காலி. அதனால் சத்தம் நன்றாகவே கேட்கும்.

ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது மெயில் வந்தது. எங்கள் வாட்ச் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டதாம், அதில் எல்லோருக்கும் மகிழ்ச்சியாம். நாலைந்து பத்தி மகிழ்ச்சிக்குக் கீழே, பொடி எழுத்தில், நண்பர் பகுதியும் தட்டும் அடுத்த மாதத்தோடு நின்றுவிடும் என்று இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸே கொஞ்சம் சாய்ந்திருக்கும். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டுப் பந்தியில் இலை இல்லை என்கிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கத்தினேன். ஒரு கம்பெனியை இன்னொன்று வாங்கினால் இப்படித்தான் என்று அவர் பொறுமையாக விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "வித்தவன் ஒங்கள ஒரு வார்த்த கேட்டானா?" என்றார்.

"இல்ல அத்த."

"வாங்குனவன்?"

"அவனும் கேக்கல."

"அப்புறம் இன்னாத்துக்கு லெட்டர் போட்டான்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அவருக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் நாங்கள் இருவரும் பைத்தியம் பிடித்தவர்கள்போல் தட்டினோம். கணக்கு வழக்கு இல்லை. வளைவுக்கு வளைவு சிக்னல் போவதும் வருவதுமாக இருக்க, வரும்போதெல்லாம் தட்டினேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர், "இன்னா டீச்சர், எறும்பு கடிச்சிட்ச்சா?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் கொஞ்சம் நிஜ அழுகையும் இருந்தது.

மறுநாள் தொட்டேன். இதயத்துடிப்பைக் காட்டியது. யாருக்கு வேண்டும் என் இதயத்துடிப்பு?

அதன் பிறகுதான் வீட்டில் சோறு கெட்டது. அதுவரை நான் செருப்பைக் கழற்றும்போது ஆவி பறக்கச் சோறு வடித்திருக்கும். இப்போது ஒரு நாள் ஆறிக் கட்டியாகிக் கிடந்தது. இன்னொரு நாள் உலையே கொதிக்கவில்லை. மலை இறங்கி வருகிறவளின் பசி சாதாரணமானதல்ல. மாமியாருக்கு என்மேல் ஏதோ வருத்தம் என்று முடிவு கட்டி, நானும் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். முடியவில்லை, கேட்டேவிட்டேன்.

"அத்த, எம்மேல கோவமா?"

"ஒம்மேல இன்னாத்துக்கு? அந்தப் பொட்டிமேலதான் கோவம்," என்று முறுக்கு டின்னைக் காட்டினார். "ரெண்டு அடிச்சா பஸ் ஏறிட்ட. அரிசி ஊறப் போடுவேன். மூணு அடிச்சா மல எறங்கிட்ட. ஒல வெப்பேன். இப்ப அது பேச மாட்டுது. நான் இன்னா ஜோசியமா பாக்கறது?"

கடையில் மெஷினை நிறுத்திவிட்டு அவரும் வாசற்படியில் வந்து நின்றார்.

"நாலுக்குத்தான் ஒண்ணும் புரில," என்று மாமியார் தொடர்ந்தார். "அது அடிச்சா இவன் சிரிச்சிக்கினே போறான். ஒரு நாள் போன்ல, 'இன்னிக்கு நாலு தட்டா'ன்னு ஒங்கிட்ட கேட்டுக்கினு இருந்தான். யாரோ சாப்பிட வராங்கன்னு நாலு தட்டு வெச்சேன். ஒருத்தரும் வரல."

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. மூன்று பேர் இருக்கும் வீட்டில் நான்காவதாக ஒரு தட்டு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. எண்ணிக்கை தவறிவிட்டது என்று நானே அதை எடுத்து வைத்தேன். இப்போது வாசற்படியில் நின்றவர் காது சிவந்து மெதுவாகக் கடைக்குள் நழுவினார். நான் எங்கே நழுவுவது? அடுப்படியிலேயே நின்றேன்.

மாமியாரே வழியும் சொன்னார். அதே கணக்கில் அவருடைய பட்டன் ஃபோனுக்கு ரிங் விட வேண்டும். எடுக்க மாட்டார். மகனுக்கு விட்டால் பயனில்லை, ஜெராக்ஸுக்கு ஆள் வருகிறதென்று முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவார். அப்படியே செய்தோம். சோறு சூடாகத் திரும்பி வந்தது. வண்டியும் நேரத்துக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது, அம்மாவின் உத்தரவின்பேரில்.

ஆனாலும் எனக்கு அந்த நாலு தட்டு இல்லாதது குறையாகவே இருந்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம், மலையெல்லாம் கழுவித் துடைத்த மாதிரி பச்சையாக நிற்க, வயிற்றுக்குள் காரணமில்லாத ஒரு குஷி. பஸ் ஏறி இரண்டு ரிங் விட வேண்டியவள், பழைய ஞாபகத்தில் நான்கு விட்டுவிட்டேன். எங்கே விட்டேன் என்பது உறைத்தபோது சிக்னல் போய்விட்டிருந்தது. வழி நெடுக முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை வண்டியில் அவர் முதுகு சிரிப்பில் குலுங்கிக்கொண்டே இருந்தது. வீட்டில் மாமியார் சோறு போட்டார். குழம்பு ஊற்றினார். என்னை நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார்:

"நாலு அடிச்சிது. அது எனக்கு இல்லன்னு அப்பவே அவன்கிட்ட சொல்லிட்டேன்."