காலி அறைக்குச் சாட்சி

கட்டிலுக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு எழுவாள் ஜோவிதா. உடனே மறுபடியும் குனிவாள். குளியலறை, அலமாரி, திரைச்சீலையின் பின்புறம், எல்லாவற்றுக்கும் இப்படி இரண்டு தடவை. வாசலுக்கு வந்ததும், "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள். பதில் வராது என்று தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள்.

பிரேசர் டவுன் முதியோர் இல்லம் ஒன்றில் பத்து நாளாக அவளுக்கு இதுதான் வேலை. ஒவ்வோர் அறைச் சுவரிலும் நான்கு சிறு பெட்டிகள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ரேடியோ அலை ஓடிக்கொண்டிருக்கும். குறுக்கே ஓர் உடம்பு வந்தால் அலை கலங்கும். கலங்கிய விதத்தை வைத்து, ஆள் எங்கே நிற்கிறார், எங்கே விழுந்து கிடக்கிறார் என்று திரையில் ஒரு பச்சைப் புள்ளி காட்டும். யாரும் கையில் எதையும் கட்டிக்கொள்ள வேண்டாம். முன்பு கொடுத்த கைப்பட்டைகளைக் கட்டிக்கொண்டவர்கள் குறைவு. ஒருவர் தன்னுடையதை ரோஜாச் செடிக்குக் கட்டியிருந்தார்.

ஆனால் ஆளில்லாத அறை எப்படி இருக்கும் என்று பெட்டிகளுக்கு முதலில் தெரிய வேண்டும். அதற்காகக் காலி அறையைப் பத்து நிமிடம் பதிவு செய்வார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஜோவிதா பொறுப்பு.

"என்ன வேலைடி பாக்குற?" என்று தங்கவயலிலிருந்து அம்மா போனில் கேட்பாள்.

"காலி ரூமுல ஆள் இல்லன்னு கையெழுத்துப் போடுற வேலைம்மா."

"இதுக்கா நாலு வருஷம் என்ஜினியரிங் படிச்ச?"

சிரித்துவிட்டு வைத்துவிடுவாள். கேள்வி மட்டும் ஈஜிபுராவில் அவள் தங்கியிருக்கும் அறை வரை கூடவே வரும். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். தப்பு செய்தால் தனக்கு மட்டுமே கெட்ட பெயர் என்று அவளால் நினைக்க முடிவதில்லை. "கேஸ் அடுப்ப மூணு வாட்டி மூடிட்ட, போதும் இன்ஸ்பெக்டரம்மா" என்பாள் கூடத் தங்கியிருக்கும் ஸ்னேஹா.

நேற்றோடு இருபத்திரண்டு அறைகளும் முடிந்தன. இன்று ஒப்படைக்க வேண்டும். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மடிக்கணினியோடு அறை அறையாக வந்தவள், பதினோராம் அறையில் நின்றுவிட்டாள். ஓய்வுபெற்ற டீச்சர் நோரா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையில் அறை காலி.

"ஆன்ட்டி, கொஞ்சம் எழுந்து வாசலுக்கு வாங்களேன்."

நோரா எழுந்து வந்தார். யாருமில்லாத நாற்காலியின் மேல் பச்சைப் புள்ளி முளைத்தது.

ஜோவிதா திரையிலிருந்து நோராவின் பக்கம் திரும்பினாள். "முந்தாநேத்து காரிடார்ல நிக்கச் சொன்னேனே, நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன்மா. உனக்குப் போன் வந்துச்சு, அந்தப் பக்கம் திரும்பிப் பேசிட்டிருந்த. எனக்கோ கால் வலி. உள்ள வந்து உக்காந்துட்டேன். ஆனா அசையவே இல்ல பாரு! மூச்சுகூட மெல்லத்தான் விட்டேன். உன் மெஷின் கெட்டுடக் கூடாதுல்ல?"

அந்த ஒத்துழைப்பில்தான் எல்லாம் கெட்டிருந்தது. அசையாமல் இருந்த நோராவையும் சேர்த்தே காலி அறை என்று பெட்டிகள் கற்றுக்கொண்டுவிட்டன. இனி அந்த நாற்காலியிலேயே அவர் மயங்கிச் சாய்ந்தாலும் திரைக்குத் தெரியாது. கட்டிலருகே விழுந்தாலோ, நாற்காலியில் ஒரு புள்ளி பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

குழுத் தலைவர் லாயிடைப் போனில் கூப்பிட்டாள்.

"ஒரு ரூம்தானே ஜோவி, டென்ஷன் மாட்கோபேட, பதறாத. அடுத்த வாரம் போய் நைசா மாத்திடலாம். இப்பச் சொன்னா இருபத்திரண்டையும் திரும்ப எடுன்னுவாங்க. உன் வேலை கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டேபிள்லதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ."

அடுத்த வாரம் என்றால் இடையில் ஏழு நாள். மற்ற அறைகளிலும் யாராவது இப்படி நல்ல மனதோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்களோ? தான் போட்ட கையெழுத்து எதையுமே அவளால் இப்போது நம்ப முடியவில்லை.

இல்லத்தின் வார்டன் ஆஞ்சலா பேனாவோடு வந்தார். "எல்லாம் ஓகேயாம்மா? நான் எங்க சைன் பண்ணணும்?"

"ஜோவி, கேக்குதா? ஒண்ணும் சொல்லாத" என்றது போன்.

நோரா கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஜோவிதா போனைத் துண்டிக்காமலே பைக்குள் போட்டாள். காலி நாற்காலியில் இன்னும் பச்சைப் புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்த மடிக்கணினியை இரண்டு கைகளாலும் பிடித்து, ஆஞ்சலாவின் பக்கம் திருப்பினாள்.