என் மனைவியின் காரைச் சுரண்டிய கதை

இருபத்தெட்டு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். செத்துப்போனவர் கையெழுத்துப் போட்டதையும் இல்லாத கிணற்றை விற்றதையும் பார்த்திருக்கிறேன். அதனால் யாராவது சிரித்துச் சிரித்துப் பேசினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. சந்தையில் தக்காளி வாங்கும்போது குனிந்து தராசுக்குக் கீழேயும் ஒரு பார்வை பார்ப்பேன். என் மனைவி இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொள்வாள்.

கார் அவளுடையது. வெள்ளை அம்பாசடர், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். அவள் சுகாதார நர்சாக இருந்தபோது பாலக்கோட்டைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய்வரத் தன் சம்பளத்தில் வாங்கிய பழைய வண்டி. எனக்கு ஓட்டத் தெரியாது. அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து “பாத்து, பாத்து” என்று சொல்லிக்கொண்டே வருவேன். இதை விற்றுத் தொலைக்கலாம் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்வாள்.

போன வருடம் பதிவைப் புதுப்பிக்கும் கெடு நெருங்கியது. கதவுகளின் அடிப்பகுதியைத் துரு தின்றிருந்தது, பெயின்ட் பொரிப்பொரியாக எழும்பியிருந்தது. இந்தக் கோலத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதுப்பிக்காவிட்டால் வண்டியைச் சாலையில் எடுக்க முடியாது, எடைக்குத்தான் போட வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பெங்களூரில் மகளுக்குப் பிரசவம். மனைவி போயே ஆக வேண்டும்.

“நான் வர்றதுக்குள்ள பெயின்ட்டு, துரு ரெண்டையும் எடுக்க வெச்சிருங்க. மத்தத வந்து பாத்துக்கறேன்” என்றாள். பிறகு, “எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதாங்க” என்றாள். அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை அவள். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. ஊருக்குக் கிளம்பிய அன்று தானே வண்டியை ஓட்டிப்போய், காரிமங்கலம் சாலையில் இருக்கும் டிங்கர் பட்டறையில் விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

எப்படி உரிப்பது என்று முடிவு செய்வது என் பொறுப்பு. விசாரிக்க இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இதில் ஆளுக்கொரு மதம். கிருஷ்ணகிரியில் மணலைக் காற்றோடு பீய்ச்சி அடித்து உரிக்கிற கூடத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் ஒரு டிராக்டர் டிரெய்லரைக் காட்டி, “ஒரே நாளு சார், பொறந்த கொழந்த மாதிரி ஆயிரும்” என்றார். டிரெய்லரின் தகடு என் விரல் கனம் இருந்தது. காரின் தகடு அப்படியா? மெல்லிய தகடு அந்த வேகத்தில் அப்பளம் மாதிரி நெளிந்துபோவதை செல்போனில் நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். நெளிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

தர்மபுரியில் பெயின்ட் கடைக்காரர் ரிமூவர் டப்பாவை நீட்டினார். தடவிவிட்டால் பெயின்ட் தானாகச் சுருங்கி எழும்புமாம், வழித்தெடுத்தால் போதுமாம். துருவுக்கு ஆசிட். இரண்டும் அவரிடமே இருந்தன. இல்லாமல் போகுமா! தகடுகள் சேரும் இடுக்கில் ஆசிட் இறங்கினால் புதுப் பெயின்ட்டுக்கு அடியிலிருந்தே அரிக்காதா என்று நானாகக் கேட்ட பிறகுதான், “நல்லா தண்ணி ஊத்திக் கழுவிட்டா ஒண்ணும் ஆவாதுங்க” என்று ஒப்புக்கொண்டார்.

டிங்கர், எதுவுமே வேண்டாம், எமரி பேப்பர் போட்டுக் கையாலேயே தேய்க்கலாம் என்றார். ஐம்பது வயது இருக்கும், அளந்துதான் பேசுவார். மாதக்கணக்கில் இழுத்தடிக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. அவருக்கு வீட்டில் பேச்சு கன்னடம். செல்போனில் கன்னடத்தில் பேசும்போதெல்லாம் என் காரைப் பற்றித்தான் யாரிடமோ பேசுகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன்.

கடைசியில் நானே தீர்ப்புச் சொன்னேன். வெளித் தகடுகளுக்கு ரிமூவர், இடுக்குகளுக்குக் கை எமரி, மணலும் ஆசிட்டும் வண்டிக்குக் கிட்டவே வரக்கூடாது. “சரிங்க சார்” என்றார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து காலை ஒன்பது மணிக்குப் பட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கழற்றிய கதவுகளை மாற்றிவிடக்கூடும் என்று ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஆணியால் என் இனிஷியலைக் கீறி வைத்தேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தை வண்டி முழுக்க வைத்துப் பார்த்தேன். பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு அது ஒட்டவில்லை. தகடு போன இடத்தில் யாரோ பட்டிப் பசையை அடைத்துப் பூசியிருக்கிறார்கள்.

“இது யாரு வேல?” என்றேன்.

“எனக்கு மின்ன எவனோ பண்ணதுங்க. என்னையக் கேட்டா எப்பிடிங்க சார்?” என்றார்.

உண்மையைச் சொன்னால், வேலை நன்றாகத்தான் நடந்தது. இருபது நாளில் கார் சாம்பல் நிறத்தில் அம்மணமாக நின்றது. என்ன குறை சொல்வது என்று தெரியாமல் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அப்போதுதான் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் ஒரு இடத்தை அவர் தொடாமலே விட்டிருப்பதைப் பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்கு டேப் ஒட்டியிருந்தது.

“அங்க மட்டும் கைய வெச்சுராதீங்க சார்” என்றார்.

“ஏன்?”

“அப்பறம் சொல்றங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எத்தனை பேர் அப்படி முகத்தைத் திருப்பியதை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்! ஓட்டை இருக்கிறது, மறைக்கிறார், மனைவி வருவதற்குள் பட்டியை வைத்து மூடிவிடுவார். மதியம் அவர் சாப்பிட வீட்டுக்குப் போகும்வரை காத்திருந்தேன். டேப்பைப் பிரித்தேன். உள்ளே கெட்டியாகக் கிரீஸ். அதைத் துடைத்தால் மேடும் பள்ளமுமாகக் கருந்துரு. பட்டறையில் கிடந்த கை கிரைண்டரில் தேய்க்கிற வட்டை மாட்டி, இருபது நாளாகப் பார்த்த பாடத்தை வைத்து அழுத்திப் பிடித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தகடு வழவழவென்று மின்னியது. ஓட்டையே இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

திரும்பி வந்த டிங்கர் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“சேஸ் நம்பரு அங்கதான சார் இருந்துச்சு!”

சேஸ் நம்பர் என்பது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகத் தகட்டில் குத்திய எண். புதுப்பிக்கும்போது அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் அது திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். எந்த இடத்தில் குத்தியிருக்கும் என்பதுதான் தெரியாது.

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று கத்தினேன்.

“அம்மாதாங்க சொல்ல வேண்டான்னாங்க. வண்டிய வுட வந்த அன்னிக்கு அவங்களே கிரீஸ் தடவி, அவங்க கையாலயே டேப்பு ஒட்டுனாங்க. சொன்னா அவரு பிரிச்சுப் பாக்காம வுட மாட்டாரு, அதனால சொல்லாதீங்கன்னாங்க.”

வெட்கத்தை விட்டு அன்றைக்கே மனைவிக்குப் போனில் சொன்னேன். அவள் “ம்” என்று வைத்துவிட்டாள். பேரனை விட்டுவிட்டு நான்காவது நாள் வந்து சேர்ந்தாள், என்னைத் திட்டவில்லை. நேராகப் பட்டறைக்குப் போய் அந்தத் தகட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

புது எண் குத்த அனுமதி கேட்டு இருவரும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரிக்கு முப்பது வயதுதான் இருக்கும். மனுவை இரண்டு தடவை படித்தார். நடந்ததை நான் சொல்லச் சொல்ல, என் காதுக்கே அது ஜோடித்த கதை மாதிரி கேட்டது. டேப், கிரீஸ், சாப்பிடப் போன டிங்கர். இப்படி ஒன்றை யாராவது என் மேசைக்கு எதிரில் நின்று சொல்லியிருந்தால் அன்றே பத்திரத்தைத் திருப்பியிருப்பேன்.

“போலீஸ் விசாரணை முடியணும் சார். அதுவரைக்கும் வண்டிய ரோட்டுல எடுக்கக் கூடாது” என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, “இவரு சொல்றதெல்லாம் உண்மைதானாம்மா?” என்று கேட்டார்.

அவள் நாற்காலியில் அப்படியே என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, நீங்க தெரியாமத்தான பண்ணீங்க?”

முதலில் எனக்குப் புரியவில்லை. விற்றுத் தொலைக்கலாம் என்று நான் சொன்னதையெல்லாம் அவள் அத்தனை வருடமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வண்டியை ஒழிக்க நானே வேண்டுமென்று சுரண்டினேனோ என்று கேட்கிறாள்.

“தெரியாமத்தான்” என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு காகிதமும் இல்லை.