திங்கட்கிழமை செத்துப்போகும் சென்சார்

என் தம்பிக்கு மூக்கு வேலை செய்யாது. வீட்டில் கருவாடு வறுத்தாலும் அவனுக்குத் தெரியாது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் பிளான்டில் அவன் கம்ப்ரசர் ஆபரேட்டர். தண்ணீரை உறைய வைக்க அங்கே குழாய்களில் ஓடுவது அம்மோனியா. வருடக்கணக்காக அதையே முகர்ந்து மூக்கு மரத்துவிட்டது. ஒருமுறை குழாய் இணைப்பை அடைக்கும் ஒரு கேஸ்கெட் கிழிந்து வாயு கசிந்தபோது, கண் எரிந்த பிறகுதான் அவனுக்கு விஷயமே தெரிந்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்தான்.

வேலையை விடச் சொல்லி அம்மா அழுதாள். "விட்டுட்டு என்ன செய்ய? எனக்குத் தெரிஞ்சது இதுதான்" என்றான். நான் அப்போது வாயு சென்சார்களுக்கான கலப்புப் பொருட்களில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பட்டத்துக்காகத் தொடங்கியதுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த நான்கு நாட்களில் அது என் சொந்தச் சண்டையாகிவிட்டது. அவன் மூக்கு செய்யாத வேலையை நான் செய்யும் சென்சார் பெட்டி செய்தாக வேண்டும்.

பொருளில் மாயம் ஒன்றும் இல்லை. டின் ஆக்சைடு தூளை மட்டும் பூசினால், நன்றாகச் சூடாக்கினால்தான் வேலை செய்யும். அதுவும் அம்மோனியா, ஸ்பிரிட், வண்டிப் புகை என்று எல்லாவற்றுக்கும் கூப்பாடு போடும். பாலிஅனிலின் என்ற பாலிமர் சூடே இல்லாமல் அம்மோனியாவைப் பிடித்துவிடும், ஆனால் எங்கள் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் தளர்ந்துபோகும். இரண்டையும் சரியான அளவில் சேர்த்து மெல்லிய பச்சைப் படலமாக்கினால் ஒன்றின் குறையை மற்றது மூடும். அந்தச் சரியான அளவைப் பிடிக்க ஒரு வருடம் ஆனது. லேபில் அருமையாக வேலை செய்தது. பிளான்ட் முதலாளியிடம் கேட்டு, தம்பி நிற்கும் இடத்துக்கு மேலே சுவரில் அலாரத்தோடு பெட்டியை மாட்டினேன்.

சனிக்கிழமை காலை வரை ஒழுங்காக இருந்தது. திங்கட்கிழமை போய் அம்மோனியாவில் நனைத்த பஞ்சைக் காட்டினால் பெட்டியிடமிருந்து சத்தமே இல்லை. புதுப் படலம் வைத்தேன். அடுத்த திங்களும் அதே கதை. உப்புக்காற்று என்று நினைத்தேன், ஈரம் என்று நினைத்தேன், அளவை மாற்றி மாற்றி ஏழு படலங்கள் செய்தேன். ஏழும் திங்கட்கிழமையே செத்தன. "லேப் ரிசல்ட் போதும்மா, தீசிஸ எழுதிரு" என்றார் என் ஆராய்ச்சியை வழிநடத்திய பேராசிரியர். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "என் தம்பி லேப்ல நிக்கல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

செத்த படலங்கள் எல்லாம் பச்சையிலிருந்து கருநீலமாகியிருந்தன. அம்மோனியா பட்டாலும் நீலமாகும்தான். ஆனால் அமில ஆவியில் காட்டினால் பச்சை திரும்பிவிட வேண்டும். இவை திரும்பவில்லை. வேறு எதுவோ இவற்றைக் கெடுத்திருக்கிறது. அது என்னவென்று பார்க்காமல் விடுவதில்லை என்று ஒரு சனிக்கிழமை முழுக்க பிளான்டிலேயே உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் படகுகள் கடலுக்குப் போவதில்லை. அதனால் சனிக்கிழமை மத்தியானம் மீன் பெட்டிகள் காலியானதும் பிளான்டைக் கழுவிவிடுவார்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை வாளி வாளியாகத் தரையில், சுவரில், குழாய்களில் ஊற்றித் தேய்த்தார்கள். கடைசியாக என் தம்பி ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினான். அதே தண்ணீரில் நனைத்த துணியால், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல, என் பெட்டியின் வலையை மூலை மூலையாகத் துடைத்தான்.

"ஏலே, என்னல செய்யுத?"

"தொடைக்கேன். வாராவாரம் நான்தான் தொடைக்கேன். ஒன் பெட்டி அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?"

பிளீச்சிங் பவுடரிலிருந்து கிளம்பும் குளோரின் பாலிஅனிலினுக்கு எமன். என் ஏழு படலங்களையும் கொன்றது தம்பியின் பாசம்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கவும் தோன்றியது.

"இனிமே அதத் தொடாத" என்றேன்.

"நான் தொடைக்கலன்னா வேற எவனாவது தொடைப்பான். இங்கன எல்லாத்தையும் கழுவுவோம்க்கா. மீன் வார எடம்."

அவன் சொன்னது நியாயம். 'தொடாதே' என்று ஓர் அட்டை ஒட்டலாம், அந்த அட்டையையும் சேர்த்துக் கழுவுவார்கள். இவர்கள் சனிக்கிழமையை மாற்ற நான் யார்? என் பொருள்தான் மாற வேண்டும் என்று முடிவெடுத்தேன். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யும் ஆக்டிவேட்டட் கார்பன் குளோரினை விழுங்கிவிடும், அம்மோனியாவைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதைப் படலத்துக்கு முன்னால் ஓர் அடுக்காக வைத்தேன். அடுக்கு தடித்தால் பெட்டி தாமதமாகக் கத்தியது. மெலிந்தால் குளோரின் உள்ளே புகுந்தது. கனம் சரியாக அமைய ஐந்து மாதம் பிடித்தது. பிறகு சனிக்கிழமைதோறும் நானே ஸ்டூலில் ஏறி, பிளீச்சிங் துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். திங்கட்கிழமை போய்ப் பஞ்சைக் காட்டினேன். எட்டு வாரமும் கத்தியது.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை லேபில் இருந்தபோது தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ஒன் பெட்டி கத்துச்சு."

"நீ எங்க நிக்க?"

"ரோட்டுல. எனக்கு ஒரு வாடையும் தெரியல, கண்ணும் எரியல. ஆனாலும் எல்லாரையும் கூட்டிட்டு வெளிய வந்துட்டேன்."

மெக்கானிக் மாஸ்க் போட்டு உள்ளே போய், அம்மோனியா பட்டால் வெள்ளைப் புகை விடும் கந்தகத் திரியைப் பற்றவைத்து ஒவ்வோர் இணைப்பிலும் காட்டியிருக்கிறார். ஒரு வால்வுப் பக்கம் வெள்ளைப் புகை கிளம்பியதாம். கசிவு அங்கேதான். அடைத்துவிட்டார்களாம். அதன் பிறகும் அவன் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை. பேச்சுக்கு நடுவே அவனுக்கு மூச்சு இரைக்கிறதா என்று போனைக் காதோடு அழுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரைக்கவில்லை.