சாட்சி சொன்ன கன்னங்கள்

எர்சீலியோ கப்பனேராவுக்குக் கடவுள் கொடுத்த சொத்து இரண்டு கன்னங்கள்தான். இத்தாலியில் மார்க்கே மலைப்பக்கத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பம். சோளக்களி வயிறு நிறையக் கிடைத்த நாளைப் பண்டிகை என்று கொண்டாடினார்கள். அப்படியிருந்தும் அந்த வீட்டு ஆண்களுக்குக் கன்னம் மட்டும் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி போல உப்பியே இருக்கும். அவன் அப்பா பட்டினி கிடந்தே செத்தவர். சவப்பெட்டியில் படுத்திருந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா சாப்பிட்டு வாழ்ந்த மனுஷன்" என்று பாதிரியார் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் யாருக்கும் எதிர்த்துப் பேசத் தெம்பில்லை.

ஆஸ்திரியாவோடு சண்டை வந்தது. எர்சீலியோவையும் அவன் மனைவி அசுந்தாவின் தம்பி டொராண்டோவையும் ஒரே கம்பெனியில் சேர்த்து, கார்சோ பாறைமேட்டுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கொரு துப்பாக்கி, இரும்புத் தொப்பி, சாப்பாட்டுக்கு ஒரு தகரத் தூக்கு, காலுக்குப் பொருந்தாத பூட்ஸ். காலுக்கு ஏற்ற பூட்ஸ் கேட்டவனிடம், பூட்ஸுக்கு ஏற்றபடி நட என்றார் ஸ்டோர் சார்ஜெண்ட். "என் தம்பியைப் பாத்துக்க" என்று அசுந்தா ரயிலடியில் எர்சீலியோவின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். பார்த்துக்கொள்கிறேன் என்று அவனும் சொல்லியிருந்தான்.

படை என்பது நெட்டுக்குத்தாக நிறுத்திய ஏணி. உச்சியில் ஜெனரல், அவருக்குக் கீழே கர்னல், அப்புறம் மேஜர், கேப்டன், லெப்டினன்ட். எல்லோருடைய காலும் பட்டு மிதிபடுகிற கடைசிப் படியில் சிப்பாய். உத்தரவு மேலிருந்து கீழே வரும், சாப்பாடு கீழிருந்து மேலே போகும். போவது ஒரே ஒரு தட்டு. தினமும் சிப்பாய்களுக்குப் பரிமாறும் முன்னால் அவர்கள் சாப்பிடப்போவதில் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு ஒருவன் கர்னல் முன்னால் போய் விறைப்பாக நிற்க வேண்டும். கர்னல் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "அருமை! தாராளம்!" என்பார். நல்ல வழக்கம்தான். சிப்பாய் என்ன தின்கிறான் என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும் என்று எந்த மகராசனோ நினைத்திருக்கிறான்.

அந்த மகராசனுக்குச் சமையல்காரன் பொம்பீலியோவைத் தெரியாது. பொம்பீலியோவின் அடுப்பில் பெரிய கொப்பரை ஒன்று, சின்னச் சட்டி ஒன்று. கொப்பரையில் வெந்நீரும் பாஸ்தாவும். சட்டியில் மாட்டிறைச்சி, வெங்காயம், மேலே துருவிய பாலாடைக்கட்டி. "கர்னல் வாயில போறதுதான் சாப்பாடு. மத்ததெல்லாம் சப்ளை" என்பான்.

தட்டைத் தூக்க ஆள் தேடி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்த கேப்டன் திராவலீனி, எர்சீலியோவைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இவனைப் பாருங்கய்யா! மொத்தக் கம்பெனியோட சாப்பாட்டையும் மூஞ்சிலயே வச்சிருக்கான்!"

அன்றே எர்சீலியோவைப் பதுங்குகுழியிலிருந்து எடுத்து, மேட்டுக்குப் பின்னால் குண்டு எட்டாத சமையல்கூடத்தில் போட்டார்கள். வேலை இவ்வளவுதான்: முகச்சவரம் செய்துகொள்வது, தட்டைத் தூக்குவது, கன்னத்தைக் காப்பாற்றுவது. தட்டில் கர்னல் வைத்த மீதியும் அவனுக்கே. அவன் அதைச் சாப்பிட்டான். சாப்பிடாமல் இருந்திருந்தால் அவன் மகான், நான் அவன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன், கோயிலில் கும்பிட்டுக்கொண்டிருப்பேன்.

மேலே பதுங்குகுழியில் டொராண்டோவின் கதை வேறு. கொப்பரைப் பாஸ்தா கோவேறு கழுதை முதுகில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேரும்போது பாத்திரத்தின் வடிவத்திலேயே உறைந்த ஒரு கட்டியாகியிருக்கும். துப்பாக்கி முனையில் செருகும் பயோனெட்டால் வெட்டிப் பங்கு போடுவார்கள். அந்தப் பயோனெட்டுகள் அங்கே உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

ஒருநாள் கர்னலோடு ஒரு ஜெனரல் வந்தார். அவரும் ஒரு கரண்டி சாப்பிட்டார். பிறகு எர்சீலியோவின் கன்னத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார்.

"கர்னல், நம்ம பசங்களுக்குக் கொழுப்பு ஏறிடுச்சு. இப்படித் தின்னா எப்படி மேட்டுல ஏறுவானுங்க?"

"உண்மைதான் ஐயா" என்றார் கர்னல். மேலே இருப்பவர் சொல்வதற்கு அவரிடம் வேறு பதில் இருந்ததே இல்லை.

அடுத்த வாரம் ரொட்டி சிறுத்தது. இறைச்சி பெயரளவில்கூட இல்லாமல் போனது. தண்ணீர் எடுக்கக் கழுதைகளோடு கீழே வந்த டொராண்டோ, சமையல்கூடத்து வாசலில் நின்று எர்சீலியோவை ஏற இறங்கப் பார்த்தான். டொராண்டோவின் கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், மாமியார் வீட்டு விருந்தா?"

"நான் என்னடா பண்ணுவேன்? உத்தரவு."

"உன் மூஞ்சியைப் பாத்துத்தானாம் எங்க ரொட்டிய வெட்டினானுங்க. மேல ஒருத்தன் பூட்ஸ் வாரை ஊற வச்சு மெல்லுறான். அக்காகிட்ட என்ன சொல்லிட்டு வந்த?"

"டேய்..."

"நல்லாப் பாத்துக்குற மச்சான். நல்லாப் பாத்துக்குற." கழுதையை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

எர்சீலியோவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் பொம்பீலியோ விறகு எடுக்கப் போன நேரம் பார்த்து, முந்தின நாள் மேலே போய்த் திரும்பிவந்த பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கிடந்த கட்டியை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினான். பிடிபட்டால் மறுபடி பதுங்குகுழிதான் என்று தெரியும். தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

கர்னல் ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கினார்.

"அருமை! தாராளம்!"

எர்சீலியோ நகரவில்லை. வாயைத் திறக்கக் கூடாத இடத்தில் வாயைத் திறந்தான்.

"இன்னொரு கரண்டி சாப்பிடுங்க ஐயா."

கேப்டன் திராவலீனியின் முகம் வெளுத்தது. கர்னல் திகைத்துப்போய் இன்னொரு கரண்டி வாயில் வைத்தார். இந்த முறை நாக்கு விழித்துக்கொண்டது. கைக்குட்டையில் துப்பினார்.

"என்னய்யா இது?"

"கம்பெனி சாப்பாடு ஐயா. மேல தினமும் இதைத்தான் திங்கிறோம்."

கர்னல் தட்டைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார், நிதானமாக, இடது கன்னம், வலது கன்னம்.

"இதைத் தின்னா இந்தக் கன்னம் வந்துச்சு? யாரை ஏமாத்தப் பாக்கற?"

"ஐயா, இது எங்க அப்பா வழி..."

"வாயை மூடு! இவனை மேல அனுப்புங்க. கன்னம் ஒட்டிப்போச்சுன்னா என்கிட்ட கூட்டிட்டு வாங்க. அப்ப நம்பறேன்."

அப்படி அவன் மேலே போனான். டொராண்டோ நகர்ந்து இடம் கொடுத்து, தன் கட்டியில் ஒரு துண்டு வெட்டி நீட்டினான். "கிறுக்கா, கிறுக்கா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

கோடை போய் மழை வந்தது. எர்சீலியோவின் கால்சட்டையைக் கயிற்றால் கட்ட வேண்டியதாயிற்று. விலாவை எண்ணிவிடலாம், தோள் எலும்பு சட்டையைக் கிழித்தது. கன்னங்கள் மட்டும் அசையவில்லை. அப்பா விட்டுப்போன சொத்து அல்லவா! பாறைப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் தினமும் முகம் பார்ப்பான், திட்டுவான். கன்னம் ஒட்டினால் கம்பெனிக்கே சோறு கிடைக்கும் என்று உண்மையிலேயே நம்பினான், பாவம்.

கடைசியில் கர்னலே மேலே வந்தார். வரிசையில் அந்த முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"பாத்தீங்களா! அன்னிக்கு இதே சாப்பாட்டைத்தான் குறை சொன்னான். இத்தனை மாசமா அதையே தின்னுட்டு எப்படி இருக்கான் பாருங்க!"

எர்சீலியோ கோட்டுப் பட்டன்களைக் கழற்றி, சட்டையை விலக்கி, விலாவைக் காட்டினான்.

"பட்டனைப் போடு" என்றார் கர்னல். "என்ன ஒழுங்கு இது?"

அவன் பட்டனைப் போட்டான். கர்னல் அடுத்த கம்பெனிக்குப் போனார்.

சண்டை முடிந்து மச்சான்கள் இருவரும் உயிரோடு ஊருக்கு வந்தார்கள். அசுந்தா தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் முகத்தில் தோலும் எலும்பும்தான் மிச்சம். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என் தம்பி பங்கையும் நீயே தின்னியா?"

அவன் மூட்டையை மட்டும் இறக்கி வைத்தான். சொல்லிச் சொல்லிப் பார்த்தவன்தானே.

"அக்கா, வாயை மூடு" என்றான் டொராண்டோ. "அவன் பட்டனைக் கழட்டிப் பாரு."

அவள் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். விலாவின் மேல் கை வைத்தவள், எலும்பை எண்ணிப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், அவித்த பயற்றங்கஞ்சியை ஒரு கரண்டி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அவன் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

எர்சீலியோ வாய் வரை வந்த கர்னலின் பதிலைக் கஞ்சியோடு விழுங்கினான்.

"இன்னொரு கரண்டி ஊத்து" என்றான்.