உள்ளுக்கை விட்டு அடித்தவர்கள்

ஊரில் யுத்தம் முடியப் போகிற மாதங்களில், கடல் கடந்து மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்தான் தலைமையகம். தளபதிகள் என் கணவரும் அவருடைய கூட்டாளிகளும். துவக்கையோ தோட்டாவையோ ஒருவரும் தொட்டதில்லை. ஊரில் சண்டை மூண்டதும் பிளேன் ஏறியவர்கள். இவர்களுக்குள் பெரிய தளபதி கார் இன்சூரன்ஸ் விற்கிறவர். வரைபடத்தை மேசையில் விரித்து, மிக்சர் எண்ணெய் ஒட்டிய விரலால், ஆமி நாளைக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று கோடு இழுப்பார்.

ஆமி ஓர் ஊரைப் பிடித்தது என்று அங்கே சொல்லக் கூடாது.

"உது பிடிக்கேல்லை. இயக்கப் பெடியள் ஆமியை உள்ளுக்கை விட்டிருக்கிறாங்கள். விட்டுத்தான் அடிப்பாங்கள்."

மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த கிழமை அடுத்த ஊர் போகும். அதுவும் உள்ளே விட்டதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஊர்களில்தான் என் தங்கை தன் மகனையும் மகளையும் இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். ஆனாலும் தேநீர் ஊற்றினேன். அவள் நிற்கும் இடத்தைப் பற்றி ஏதாவது சொல்லமாட்டார்களா என்ற நப்பாசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே எடுத்தாள், யாரோ ஒருவரின் சற்றலைற் போனில்.

"அக்கா, கடற்கரைப் பக்கம் போறதோ, ஆமியின்ரை பக்கம் போறதோ? சனம் ரெண்டு பக்கமும் ஓடுது. அங்கை ஆருக்கும் ஏதும் தெரியுமோ?"

போனைப் பெரிய தளபதியிடம் நீட்டினேன். "இந்தாங்கோ அண்ணை, உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும். எந்தப் பக்கம் எண்டு சொல்லுங்கோ."

அவர் கையைப் பின்னுக்கு இழுத்தார். "உதை இங்கையிருந்து எப்பிடிச் சொல்லுறது? அங்கை நிக்கிறவைக்குத்தானே தெரியும்."

கணவரைப் பார்த்தேன். அவர் வரைபடத்தைப் பார்த்தார். நான் வாய் திறக்க முதல் லைன் அறுந்துவிட்டது.

தங்கை கடற்கரைப் பக்கம் போனாள். மகனை அந்த மணலிலேயே புதைத்துவிட்டு வந்தாள்.

அவளையும் மகளையும் எப்படியோ இங்கே எடுப்பித்தோம். தளபதிகள் இன்னும் வருகிறார்கள். இப்போது வேறொரு நாட்டின் சண்டை, போனில் வரைபடம். வெட்கம் கெட்ட கூட்டம். போன சனிக்கிழமை தங்கை தேநீர் கொண்டுபோனபோது பெரிய தளபதி கோப்பையை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"கடற்கரைப் பக்கம்தான் அடி விழும் எண்டு நான் அப்பவே சொன்னனான், பிள்ளை."

அவள் தட்டை மேசையில் வைத்தாள்.

"அண்டைக்கு நீங்கள் சொன்னது போனிலை எனக்குக் கேட்டது, அண்ணை."