துரையின் சவுனாவில் பெற்ற பிள்ளை

மலாயாவில், ஜொகூரின் பாலோ பக்கம், ரப்பர் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்தில் நான் பெற்ற இரண்டு பிள்ளைகளும் ஒரு வாரம் தாண்டவில்லை. வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து போனார்கள். மூன்றாவது வயிற்றில் தங்கியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இதுவும் போனால் நானும் போய்விடுவேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். என்னோடு கப்பலேறி வந்தவள், அடுத்த வீட்டில் இருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை.

"வாயக் கழுவுடி" என்றாள்.

எங்கள் சின்னத் துரை வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை. பின்லாந்து என்ற பனி தேசத்து மனிதர். ஓடையோரம் மரத்தடிகளை அடுக்கி, இடுக்கெல்லாம் களிமண் பூசி, புகை போக ஒரு ஓட்டை மட்டும் விட்டு, வேறெங்கும் காற்று நுழையாத கொட்டகை ஒன்று கட்டியிருந்தார். அதற்குப் பெயர் சவுனா. உள்ளே விறகெரித்துக் கல்லைக் காய வைப்பார். நெருப்பு முழுக்க அணைந்து புகை போன பிறகே கதவைச் சாத்துவார். கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் வெந்து, இலைக்கொத்தால் தன்னையே அடித்துக்கொண்டு ஓடையில் குதிப்பார். ஜொகூர் வெயிலில் வேர்த்தது போதாதா இந்த மனுஷனுக்கு என்று லயமே சிரித்தது. துரைக்குத் தண்ணீர் சுமந்த என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

அவரிடம் துரை ஒருநாள் சொன்னாராம், தன் ஊரில் பெண்கள் பிள்ளை பெறுவதே சவுனாவில்தான், இருப்பதிலேயே சுத்தமான இடம் அதுதான் என்று. அதைக் கேட்டதும் நான் பிடிவாதம் பிடித்தேன். மழைக்காலம் வேறு, லயத்து வாசலில் சாக்கடை ஏறி நின்றது. வீட்டுக்காரர் போய்க் கெஞ்சினார். துரை சரியென்று சொன்னதோடு, தரையைத் தேய்த்துக் கழுவ வைத்து, மருத்துவச்சி கொடி அறுக்கும் கத்தியையும் வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தார்.

விடிகிற வேளையில் பெண் பிறந்தாள். வாய் நிறையத் திறந்து அழுதாள். மருத்துவச்சி கிளம்பிப் போனதும் அக்கா என் பக்கத்தில் கரிநெருப்புச் சட்டியை வைத்துச் சாம்பிராணி போட்டாள். பிள்ளை பெற்றவளுக்கு அப்படிச் செய்வது எங்கள் வழக்கம். லயத்தில் பலகைக்குப் பலகை சந்து, புகை அதுபாட்டுக்குப் போய்விடும். இங்கே அக்கா கதவைச் சாத்தியதோடு விடாமல், புகை போகிற ஓட்டையிலும் சாக்கைத் திணித்தாள்.

"காத்து பட்டா ஜன்னி வந்துரும்டி. ரெண்டு போனது போதாதா?"

கொஞ்ச நேரத்தில் மண்டை பிளந்தது.

"அக்கா, கதவத் தொறயேன். தல வலிக்குது."

"பெத்த ஒடம்பு அப்படித்தான் இருக்கும். கண்ண மூடிப் படு" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் கரி அள்ளிப் போட்டாள்.

பிள்ளையைப் பார்த்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஐயோ, இதுவும் போகிறதே என்று பிள்ளையின் முதுகைத் தட்டினேன். அக்காவைக் கூப்பிட்டேன். சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பாவி, இந்த நேரத்திலா தூங்குவாய் என்று ஏசினேன். எழுந்தால் கால் நிற்கவில்லை. பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு தவழ்ந்தேன். கும்பிட்ட சாமியெல்லாம் எங்கே போய்த் தொலைந்தது என்று திட்டிக்கொண்டே கதவைத் தலையால் முட்டினேன். கதவு திறந்து இரண்டு பேரும் மழையில் போய் விழுந்தோம்.

முகத்தில் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டாள். பிரசவ இடத்துக்கு ஆண்கள் வரக்கூடாது என்று தள்ளி மரத்தடியில் நின்ற வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"அக்கா உள்ள இருக்கா" என்றேன்.

தூக்கி வந்து கிடத்தினார். கன்னம் செக்கச் செவேலென்று இருந்தது. உயிரோடு இருந்தபோதுகூட அவளுக்கு அந்த நிறம் இருந்ததில்லை. எத்தனை உலுக்கியும் எழவில்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த துரை, அடைத்த கொட்டகையில் கரி எரிந்தால் அந்தக் காற்றே ஆளைக் கொன்றுவிடும் என்றார்.

கொட்டுகிற மழையில் அவளை எங்கே வைத்துக் குளிப்பாட்டுவது என்று பெண்கள் திகைத்தார்கள். துரை தொப்பியைக் கழற்றிவிட்டு, தன் ஊரில் செத்தவர்களைக் குளிப்பாட்டுவதும் சவுனாவில்தான் என்றார். அங்கேயே கொண்டு போனார்கள். பச்சை உடம்புக்காரி என்று என்னை உள்ளே விடவில்லை. வெளியே கூரையொதுக்கில் உட்கார்ந்து பிள்ளையை மார்பில் போட்டேன். வாயை நன்றாகத் திறந்து பிடித்துக்கொண்டாள். உள்ளே சொம்பு சொம்பாக அக்காமேல் தண்ணீர் ஊற்றுவது கேட்டது.

"அக்கா, பால் குடிக்கிறா, பாரு" என்று சாத்திய கதவைப் பார்த்துச் சொன்னேன்.